பிள்ளை வாசிக்கக் கஷ்டப்படுதா? உதவி செய்யப் போய் நாங்க விடுற பிழைகள்

போன தவணை ஒரு அம்மா பின்னேரம் ஆறு மணிபோல மகனைக் கூட்டிட்டு என்ட வீட்டுக்கு வந்தா, நிலாவெளிப் பக்கம் இருந்து ஓட்டோவில. பெடியன் தரம் 3. காலமை ஸ்கூல், மத்தியானம் வந்து சாப்பிட்ட கையோட ஒரு டியூசன், நாலரைக்கு இன்னொண்டு, அதுக்குப் பிறகு என்னட்ட. நான் கொப்பியைத் திறக்க முதலே அவன் கதிரையில சாஞ்சு நித்திரையாகிட்டான். அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான், "டீச்சர், கிழமைக்கு ரெண்டு நாள் காணுமா, இல்ல நாலு நாளாப் போடுவமா?"

நான் பாத்த பிழைகள்ல முக்காவாசி இந்தக் கேள்விக்குள்ளதான் இருக்கு. பிள்ளைக்கு ஏறல்ல எண்டா கூட்டிக் குடுக்கிறது, இன்னும் ஒரு மணித்தியாலம், இன்னும் ஒரு டியூசன், இன்னும் பத்துத் தரம் எழுது. பூட்டுக்குப் பொருந்தாத திறப்பை நாலு தரம் திருப்பினா என்ன, நாப்பது தரம் திருப்பினா என்ன, கை நோகிறதுதான் மிச்சம்.

டியூசனுக்கும் கல்விச் சிகிச்சைக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். டியூசன் பாடத்திட்டத்தோட முன்னால போகும், கல்விச் சிகிச்சை பின்னால போகும். பிள்ளை எந்தப் படியில வழுக்கினது எண்டு தேடிப் பிடிச்சு, தரம் 4 பிள்ளையா இருந்தாலும் தரம் 1 படியில நிக்குதெண்டா அங்க போய் அங்கிருந்து ஏத்திக்கொண்டு வாறது. எங்கட பாடசாலைகள்ல பரிகாரக் கற்பித்தல் எண்டு சொல்றதும் இதுக்குக் கிட்டச் சொந்தம்தான், ஆனா அது கனநேரம் அதே பாடத்தை அதே மாதிரித் திருப்பிச் சொல்லிக் குடுக்கிறதாவே முடிஞ்சு போகுது. நான் டொக்டர் இல்ல, ஆரம்பப் பிரிவில படிப்பிச்சுப்போட்டு இப்ப வீட்டில நாலஞ்சு பிள்ளையளோட இருக்கிறன், அவ்வளவுதான். இதில வாற பிழைகள்ல சிலதை நானே நல்லா விட்டிருக்கிறன்.

முதல்ல "பொறுத்துப் பாப்பம்" கதை. ஆம்பிளப் பிள்ளை, பிந்தித்தான் பிடிபடும், இவன்ட அப்பாவும் இப்பிடித்தான் இருந்தவர் எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுவாங்க. அப்பாவும் இப்பிடித்தான் எண்டுறது சிரிச்சு விடுற விஷயம் இல்ல, டிஸ்லெக்ஸியா எண்டுற வாசிப்பு இடர்பாடு குடும்பத்தில ஓடும், அதால அது இன்னும் கெதியா கவனிக்க வேண்டிய காரணம். ஆறு வயசுப் பிள்ளை எழுத்தைத் திருப்பி எழுதினா பயப்படத் தேவையில்ல, ஏழு வயசு வரைக்கும் அது கனபிள்ளையள் செய்றதுதான். ஆனா தரம் 2 முடியிற நேரத்திலயும் மூண்டெழுத்துச் சொல்லை முக்கி முக்கி வாசிக்குதெண்டா, இரவு சொல்லிக் குடுத்த எழுத்து விடியப் பறந்து போகுதெண்டா, இனிப் பொறுக்கக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல வெளியிட்ட டிஎஸ்எம்-5 வழிகாட்டியில, அந்தப் பிள்ளைக்கெண்டே குறிவச்சு உதவி செய்தும் 6 மாசத்துக்கு மேல கஷ்டம் தொடர்ந்து இருக்கிறதைத்தான் இடர்பாட்டை இனங்காண ஒரு அளவுகோலா வச்சிருக்கிறாங்க. பாருங்க, உதவி செய்தும் 6 மாசம். சும்மா பாத்துக்கொண்டிருந்த மூண்டு வருசம் அதில சேராது.

இது இப்பத்தின வருத்தமும் இல்ல. 1896-ல இங்கிலாந்தில பிரிங்கிள் மோர்கன் எண்ட டொக்டர் ஒரு 14 வயசுப் பெடியனைப் பற்றி எழுதினார், பேர் பேர்சி. கணக்கு நல்லாச் செய்வான், கதைச்சா கெட்டிக்காரன், ஆனா சின்னச் சின்னச் சொல்லையே வாசிக்க ஏலாது. அவனுக்குப் படிப்பிச்ச வாத்தியார் சொன்னாராம், படிப்பு முழுக்க வாய்ப்பேச்சில நடந்தா பள்ளிக்கூடத்திலயே இவன்தான் கெட்டிக்காரனா இருப்பான் எண்டு. எனக்கு இதை வாசிக்கேக்க எங்கட கரைவலைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருத்தன்தான் ஞாபகம் வந்தான். மீன் பேர் எல்லாம் சொல்லுவான், கச்சான் காத்து எப்ப, வாடைக் காத்து எப்ப, வள்ளத்தை எப்ப கரையில ஏத்துறது எண்டு பெரிய ஆள் மாதிரி விளக்குவான். வகுப்பில அவனுக்குப் பேர் மொக்கு. ஏழு வயசில இருந்து ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லைக் கேக்கிற பிள்ளைக்கு எழுத்தை விட அதுதான் முதல் மனப்பாடம் ஆகுது. வாசிப்பும் புத்தியும் வேற வேற எண்டு வீட்டுக்காரரே நம்பாட்டி வேற யார் நம்புறது.

இதுக்கு நேர் எதிரான பிழையும் உண்டு. போன்ல ரெண்டு வீடியோ பாத்திட்டு "என்ட பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா" எண்டு தாங்களே முடிவு கட்டிறது. கொரோனா நேரம் 2020, 2021-ல ஸ்கூல் மாசக்கணக்கா மூடிக் கிடந்தது, 2022-ல பெற்றோல் இல்லாமத் திரும்பவும் மூடினாங்க, அந்த நேரம் தரம் 1, 2-ல இருந்த பிள்ளையளுக்கு ஒருத்தரும் ஒழுங்கா எழுத்துச் சொல்லிக் குடுக்கவே இல்ல. சொல்லிக் குடுக்காததைப் பிள்ளை படிக்கல்ல எண்டா அது இடர்பாடு இல்லையே. இப்பிடியான பிள்ளை ஒழுங்காச் சொல்லிக் குடுத்தா ரெண்டு மூண்டு மாசத்தில பாஞ்சு ஏறும், அதிலயே வித்தியாசம் தெரியும்.

அதோட, ஆரம்பிக்க முதல் கண்ணையும் காதையும் பாத்துக்கொண்டு வாங்க எண்டு நான் எல்லாருக்கும் சொல்றனான். முக்கியமாக் காது. அடிக்கடி தடிமன் பிடிச்சுக் காதுக்குள்ள நீர் கட்டிற பிள்ளைக்கு வகுப்பில பாதிச் சத்தம் கேக்காது, பின் வாங்கில இருந்தா அதுவும் இல்ல. பாக்கிறவங்களுக்குக் கவனம் இல்லாத பிள்ளை மாதிரித் தெரியும்.

ஆனா கண் நல்லா இருக்கெண்டு தெரிஞ்ச பிறகும் கண்ணாடிக்கே அலையாதீங்க. டிஸ்லெக்ஸியா கண்ணில இல்ல, சத்தத்தையும் எழுத்தையும் மூளை சோடி சேர்க்கிற இடத்தில. கலர்க் கண்ணாடி, கண்ணுக்கு எக்சர்சைஸ், இதுகளால வாசிப்பு வரும் எண்டுறதுக்கு ஆதாரம் இல்ல எண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் 2009-லயே சேர்ந்து அறிக்கை விட்டாச்சு. மூளைக்கு டொனிக்கும் அப்பிடித்தான். வல்லாரைச் சம்பல் நல்லது, நானும் கிழமைக்கு ரெண்டு நாள் அரைக்கிறன், ருசிக்கு.

இனி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிற இடத்துக்கு வாறன். "எழுத்தெல்லாம் தெரியும் டீச்சர், வாசிக்கத்தான் ஏலாது." இதை எத்தினை அம்மாமார் சொல்லிட்டாங்க. பிள்ளையும் அ ஆ இ ஈ எண்டு ஔ வரைக்கும் ராகத்தோட பாடும், க கா வரிசையும் பாடும். நடுவில இருக்கிற ஒரு எழுத்தை மட்டும் காட்டி இது என்ன எண்டு கேட்டா, அது வாய்க்குள்ள முதல்ல இருந்து பாடிக்கொண்டே வந்து அந்த இடத்தில நிக்கும். அது எழுத்துத் தெரிஞ்சதில்ல, பாட்டுத் தெரிஞ்சது. இதை விடத் தந்திரம், பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்து வச்சிருக்கிற பிள்ளையள். விரலை ஓட்டி ஓட்டி ஒரு பக்கம் முழுக்க "வாசிக்கும்", அம்மாவுக்குச் சந்தோசம். அதே சொற்களை நான் வேற கடதாசியில மாத்திப் போட்டு எழுதிக் குடுத்தா அப்பிடியே நிண்டிடும். ஒரு சின்னப் பொம்பிளப் பிள்ளை படத்தைப் பாத்துத்தான் வாசிக்கிறா எண்டு கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு கிழமை எடுத்தது, படத்தைக் கையால மறைச்ச உடன பிள்ளைக்கு அழுகை வந்திட்டுது. ஏமாத்துறாங்க எண்டு நினைக்காதீங்க, வாசிக்கத் தெரியாம வகுப்பில தப்பிப் பிழைக்கிறதுக்கு அந்தப் பிள்ளை படுற பாட்டில பாதிப் பாடு எங்களால ஏலாது.

ஆகவே வீட்டில பாக்கிறதெண்டா இப்பிடிப் பாருங்க. எழுத்தைக் கலைச்சுப் போட்டுக் கேளுங்க. பிறகு எழுத்தே இல்லாம காதால ஒரு சோதினை. "கதிரை" எண்டு சொல்லி எத்தினை தரம் கை தட்டலாம் எண்டு கேளுங்க, க-தி-ரை, மூண்டு. அதில "க" வை எடுத்தா மிச்சம் என்ன? "திரை". பலருக்கு இது விளையாட்டு, ஆனா வாசிப்பு இடர்பாடு உள்ள பிள்ளை இந்த இடத்திலயே தடக்குப்படும். பட்டத்துக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம் எண்டு சொல்லச் சொல்லுங்க, பொருள் சொல்லும், சத்தத்தில வித்தியாசம் எங்க எண்டு சொல்ல வராது, எழுதினா ரெண்டையும் ஒரே மாதிரி எழுதும். சத்தத்தைப் பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டிக் காட்டி என்ன பலன், ஒட்டிறதுக்கு அங்க இடம் இல்லையே.

எல்லா எழுத்துப் பிழையையும் ஒரே தராசில போடுறதும் பிழை. "பழம்" எண்டுறதைப் "பளம்" எண்டு எழுதினா, ண ன மாறினா, "என்று" க்கு "எண்டு" எண்டு எழுதினா, அது நாங்க கதைக்கிற தமிழ் கொப்பிக்குள்ள வந்தது. திருமலையில பாதிக் கடைப் போர்ட்டுகள்ல அந்தப் பிழை இருக்கு. அதுக்குச் சிவப்புப் பேனை எடுக்காதீங்க, பிறகு பாக்கலாம். "கதிரை" யை "கரை" எண்டு, "தகிரை" எண்டு எழுதுது, பட்டத்தில குத்து வச்ச "ட்" ஐ விட்டிட்டுப் "படம்" எண்டு எழுதுது, அரவை (ா) விட்டிட்டு "மலை" எண்டு எழுதிட்டு "மாலை" எண்டு வாசிக்குது, இதுகளைத்தான் குறிச்சு வைக்க வேணும். எந்த மாதிரிப் பிழை எண்டுறதுதான் எங்களுக்கு வழி காட்டிறது, எத்தினை பிழை எண்டுறது இல்ல.

எழுதிப் பழகு எண்டு கொப்பி நிரப்புறதில நானே விட்ட பிழை ஒண்டு. என்ட தங்கச்சின்ட மகனுக்கு கெ, கே ரெண்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் முழுக்க "கெ" எழுது எண்டு சொல்லிட்டு நான் குசினிக்குள்ள போய்ட்டன். வந்து பாத்தா மேலிருந்து கீழ வெறும் "க" மட்டும் வடிவா எழுதி முடிச்சிட்டு, பிறகு ஒவ்வொண்டுக்கும் முன்னால போய்க் கொம்பை (ெ) கொளுவிக்கொண்டு இருக்கிறான். அவன் ஒரு தரம் கூட "கெ" எழுதல்ல, வாயால ஒரு தரம் சொல்லவும் இல்ல. வேலி கட்டிற வேலை மாதிரித்தான் நடந்தது. அண்டைக்கு எனக்கு விளங்கினது, சத்தம் வாயில வராம கை மட்டும் ஓடினா அது படிப்பு இல்ல. இப்ப நாலு தரத்துக்கு மேல எழுத விடுறதில்ல, ஒவ்வொரு தரமும் சத்தமாச் சொல்லிக்கொண்டு எழுத வேணும், முதல்ல மணல்ல விரலால. கடக்கரையில இருக்கிற எங்களுக்கு மணலுக்கா பஞ்சம், ஒரு பழைய பேக்கரித் தட்டு காணும்.

தமிழ் எழுத்தில இன்னொரு சிக்கல் இருக்கு, அது இங்கிலீசுக்கு எழுதின புத்தகங்கள்ல இருக்காது. "கெ" எண்டுறதில கொம்பு முன்னால நிக்குது, ஆனா அந்தச் சத்தம் பின்னால வருது. "கொ" எண்டா அதை விடச் சோலி, கொம்பு ஒரு பக்கம் அரவு மற்றப் பக்கம், ரெண்டும் சேர்ந்து ஒரு சத்தம். கண் இடமிருந்து வலம் போகுது, வாய் நடுவில இருந்து தொடங்க வேணும். நல்லா வாசிக்கிற எங்களுக்கு இது தெரியிறதே இல்ல, கஷ்டப்படுற பிள்ளை "கொடி" யை "கெடி" எண்டு வாசிச்சிட்டு அரவை என்ன செய்றது எண்டு முழிக்கும். இதை எல்லாம் ஒரே கிழமையில சொல்லிக் குடுக்கிறதும், 247 எழுத்தையும் 247 தனிச் சாமான் மாதிரி மனப்பாடம் செய்ய வைக்கிறதும் பெரிய பிழை. உயிர் 12, மெய் 18, அந்தக் குறிகள், இவ்வளவையும் பிடிச்சா உயிர்மெய் 216-ல பெரும்பகுதி தானா வரும். அரவு, விசிறி (ி, ீ) இதுகளை முதல்ல எடுங்க, சத்தமும் குறியும் ஒரே பக்கம் வரும். கொம்பு வரிசை பிறகு. உகர வரிசை கடைசியில, அதுதான் கு, சு, டு, மு எண்டு எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுறது, அதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாப் பாடமாக்கத்தான் வேணும்.

நேரம். ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணித்தியாலம் இருத்தி வைக்கிறதை விட, ஒவ்வொரு நாளும் 20 நிமிசம். பிள்ளை களைக்காத நேரத்தில. அந்த நித்திரையான பெடியனுக்கு ஆறு மணி வகுப்பை நிப்பாட்டி, ஒரு டியூசனையும் நிப்பாட்டச் சொன்னன், அம்மாவுக்கு மனமே இல்ல, மற்றப் பிள்ளையள் முன்னுக்குப் போயிடும் எண்டு பயம். அஞ்சாமாண்டு ஸ்கொலசிப் சோதினை நினைப்பு தரம் 3-லயே தொடங்கிடுது. அந்தச் சோதினையில முதலாவது வினாத்தாள் மட்டும் 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். மெதுவா வாசிக்கிற பிள்ளைக்கு விடை தெரியும், கேள்வியை வாசிச்சு முடிக்கேக்க நேரம் போயிடும். பாஸ்பேப்பர் நூறு செய்தாலும் வாசிக்கிற வேகம் கூடாது, அது வேற வேலை. தமிழ் மாதிரி எழுத்தும் சத்தமும் ஓரளவு ஒத்துப்போற மொழியில இந்த இடர்பாடு பிழையா வாசிக்கிறதா மட்டும் இல்ல, சரியா ஆனா சரியான மெதுவா வாசிக்கிறதா வெளிய தெரியும். அதாலதான் "வாசிக்கிறான்தானே" எண்டு கனபேர் விட்டிடுறது.

இங்கிலீசை நிப்பாட்டுவமா, சிங்களத்தை நிப்பாட்டுவமா எண்டும் கேப்பாங்க. எங்கட ஊரில பிள்ளைக்கு மூண்டு மொழியும் காதில விழும், அதால இடர்பாடு வராது, இருக்கிற இடர்பாடு கூடுறதும் இல்ல. கதைக்க விடுங்க. எழுத்து மட்டும் ஒரே நேரத்தில மூண்டையும் திணிக்காம, வீட்டில கதைக்கிற மொழியில முதல்ல கால் ஊண்டட்டும். நேர்சறியில முழுக்க இங்கிலீஸ், தரம் 1-ல தமிழ் எண்டு மாத்திப்போட்டு, பிள்ளை குழம்புது எண்டு சொல்றதில நியாயம் இல்ல.

கணக்கில ஒண்டு மட்டும் சொல்றன். விரல் மடிச்சு எண்ணுற பிள்ளையின்ட கையில அடிக்காதீங்க. விரல்தான் அதுக்கு ஏணி. நானூற்று அஞ்சை 4005 எண்டு எழுதுற பிள்ளைக்கு வாய்ப்பாடு பாடமாக்கி வேலையில்ல, புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக் கட்டி இடப்பெறுமானம் காட்ட வேணும்.

சிகிச்சைக்கு எண்டு ஒருத்தரைத் தேடிப் போகேக்க, "மூண்டு மாசத்தில சரியாக்கித் தாறன்" எண்டு சொல்றவரிட்ட இருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திடுங்க. டிஸ்லெக்ஸியா காய்ச்சல் மாதிரி மாறிப் போறதில்ல, பிள்ளை வழி பழகுது, அதுக்கு ஒண்டு ரெண்டு வருசம் ஆகும். நல்ல ஆள் முதல் நாள் பிள்ளையைப் பாக்காம ஒண்டும் சொல்ல மாட்டார், என்ன தெரியும் என்ன தெரியாது எண்டு எழுதி வைப்பார், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அதைத் திரும்பப் பாத்து உங்களுக்குக் காட்டுவார். இந்தப் பிள்ளை கண்ணால படிக்கிற வகை, அது காதால படிக்கிற வகை எண்டு பிரிச்சுச் சொன்னாலும் கொஞ்சம் யோசியுங்க, அந்தக் கதைக்கு ஆய்வுகள்ல பலம் இல்ல. அதே நேரம் நீங்களும் ரெண்டு மாசத்துக்கு ஒரு ஆள் மாத்தாதீங்க. ஒவ்வொருத்தரும் முதல்ல இருந்து தொடங்க, பிள்ளை நாலாவது தரமா "அம்மா" எழுதும்.

வகுப்பாசிரியருக்கு மறைக்கிறது இன்னொண்டு. ஸ்கூல்ல தெரிஞ்சா ஒதுக்கிடுவாங்க எண்டு பயம், விளங்குது, சில இடத்தில நடக்கிறதுதான். ஆனா டீச்சருக்குத் தெரியாட்டி அவ எல்லாருக்கும் முன்னால எழும்பி வாசிக்கச் சொல்லுவா, இங்க ஒரு மாசமாக் கட்டினது அங்க ஒரு நிமிசத்தில இடிஞ்சு போகும். டீச்சருக்குச் சொல்லி வச்சா பின்னாலயும் உதவும். விசேட தேவை உள்ள பிள்ளையளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் மாதிரிச் சலுகைகள் குடுக்கிறது, ஆனா அது பாடசாலை ஊடாக, மருத்துவ அறிக்கையோட, முன்கூட்டியே கேக்க வேண்டிய விஷயம். சாதாரண தரச் சோதினைக்கு ஒரு மாசம் இருக்கேக்க ஓடினா ஒண்டும் நடக்காது.

வீட்டில நடக்கிறது சின்னச் சின்னது. பிள்ளை ஒரு சொல்லில நிண்டா உடன நீங்க சொல்லிக் குடுத்திடாதீங்க, மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. மாமான்ட மகளோட ஒப்பிடாதீங்க. சொந்தக்காரர் வந்திருக்கேக்க "இஞ்ச வா, மாமாக்கு வாசிச்சுக் காட்டு" எண்டு கூப்பிடாதீங்க, ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க.

கடைசியா ஒண்டு, பொய் சொல்லிக் கூட்டிட்டு வராதீங்க. ஒரு அம்மா கோணேசர் கோயில் பக்கம் கோட்டைக்குள்ள மான் பாக்கப் போறம் எண்டு சொல்லிப் பிள்ளையை வெளிக்கிடுத்தி நேர என்னட்டக் கொண்டுவந்து விட்டா. மூண்டு கிழமை அவன் என்னோட வாய் திறக்கல்ல, மணல் தட்டில ஒரு கோடு கூடப் போடல்ல. நாலாவது கிழமை அவனாவே கேட்டான், "டீச்சர், மான் எங்க?" அண்டைக்கு நான் வகுப்பு எடுக்கல்ல. முதல்ல மானைக் காட்டிட்டு நாளைக்கு வாங்க எண்டு ரெண்டு பேரையும் அதே ஓட்டோவில திருப்பி அனுப்பிட்டன்.